காலப் பயணமும் ஒரு துணிக்கடைப் பையனும்



பிள்ளைகள் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், "பாடத்தைப் படிக்காமல் இது என்ன வேண்டாத வேலை?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உழைத்துக் களைத்து வரும் பெற்றோர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. கதை சோறு போடுமா என்பது அவர்களுடைய ஐயம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கதைப் புத்தகத்தையும், அதை எழுதிய ஓர் எளிய குடும்பத்து மாணவனையும் பற்றித்தான். புத்தகத்தின் பெயர் 'கால இயந்திரம்'. எழுதியவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1895ஆம் ஆண்டில் இது நூலாக வெளிவந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் உலகின் பல மொழிகளில் படிக்கப்பட்டு வருகிறது, திரைப்படமாகவும் வந்திருக்கிறது. முதலில் கதையைக் கேட்போம்; பிறகு அதை எழுதிய பையனைக் காண்போம். கதையைக் காட்டிலும் அந்தப் பையனின் வரலாறுதான் நமக்கு நெருக்கமானது.

காலப் பயணம் என்றால் என்ன? நாம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதுபோல, இன்றிலிருந்து நேற்றைக்கோ, நூறு ஆண்டுகளுக்குப் பின்னாலோ போய் வருவதாகக் கற்பனை செய்வதே காலப் பயணம். இந்தக் கற்பனை புதியதன்று. நம் புராணத்தில் ரைவதன் என்ற அரசன் தன் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரமலோகம் போகிறான். அங்கே சற்று நேரம் இசை கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துவிடுகின்றன. மேல்நாட்டிலும் இத்தகைய கதைகள் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதையில், ஆவிகள் ஒரு கருமியை அவனுடைய பழைய நாட்களுக்கும் வரப்போகும் நாளுக்கும் அழைத்துச் செல்கின்றன. மார்க் ட்வெயின் 1889இல் எழுதிய நாவலில், தலையில் அடிபட்ட ஒருவன் பழங்காலத்தில் கண் விழிக்கிறான். இவற்றில் எல்லாம் தெய்வமோ, ஆவியோ, தற்செயலோதான் மனிதனைக் கொண்டு செல்கிறது. வெல்ஸின் கதையில் மனிதன் தன் அறிவால் ஒரு பொறியைச் செய்து, தானே அதில் ஏறி உட்கார்ந்து, தன் கையால் விசையைத் தள்ளிப் புறப்படுகிறான். 'கால இயந்திரம்' என்ற சொல்லே அவர் கொடுத்த சொல்தான்.

கதை இவ்வாறு தொடங்குகிறது. லண்டனை அடுத்த ரிச்மண்டில் ஓர் அறிஞர் வாழ்கிறார். அவருக்குக் கதையில் பெயரே இல்லை. காலப் பயணி என்றுதான் குறிப்பிடப்படுகிறார். வியாழக்கிழமைதோறும் நண்பர்கள் அவர் வீட்டில் விருந்துண்ணக் கூடுவார்கள். ஒரு நாள் அவர் அவர்களிடம் ஒரு விளக்கம் சொல்கிறார். ஒரு பெட்டிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் உண்டு. ஆனால் அது ஒரு கணம்கூட நீடித்திராவிட்டால் அப்படி ஒரு பெட்டி இருந்ததாகச் சொல்ல முடியுமா? ஆகவே நீடித்திருத்தலும் ஓர் அளவுதான். அதுவே காலம் என்னும் நான்காவது பரிமாணம். மற்ற மூன்றிலும் நாம் நகர முடிகிறதென்றால் நான்காவதில் ஏன் நகரக் கூடாது? இப்படிக் கேட்டுவிட்டு, தாம் செய்த சிறிய மாதிரிப் பொறி ஒன்றை அவர்கள் கண் முன்னே மறையச் செய்கிறார்.

அடுத்த வாரம் விருந்து தொடங்கிய பின் அவர் தூசி படிந்த உடையோடு, காலில் காயத்தோடு நொண்டிக்கொண்டு உள்ளே வருகிறார். அன்று மாலை 4 மணிக்குப் புறப்பட்டவர், அதற்குள் 8 நாட்கள் வாழ்ந்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார். அவர் போன ஆண்டு 802,701. எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால்!

அங்கே அவர் முதலில் கண்டவர்கள் ஈலாய் என்னும் மக்கள். நான்கடி உயரம், அழகிய முகம், மென்மையான உடல். பூவும் பழமுமாக வாழ்கிறார்கள். வயலும் இல்லை, பட்டறையும் இல்லை. யாரும் எந்த வேலையும் செய்வதில்லை. உலகம் சொர்க்கமாகிவிட்டது போலும் என்று பயணி முதலில் எண்ணுகிறார். ஆனால் அவர்களுடைய அறிவு ஐந்து வயதுக் குழந்தையின் அறிவைப் போல் இருக்கிறது. எதையும் கேட்டறிய வேண்டும் என்ற ஆவல் இல்லை. ஒரு நாள் வீனா என்ற பெண் ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறாள். கரையில் இருந்த அவளுடைய இனத்தார் ஒருவர்கூட அவளைக் காப்பாற்றக் கை நீட்டவில்லை. பயணிதான் இறங்கி அவளை மீட்கிறார். சுகம் முற்றினால் மனிதத்தன்மையும் கரைந்துவிடும் என்பதை இந்தச் சிறிய நிகழ்ச்சியில் ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

பிறகுதான் உண்மை தெரிகிறது. நிலத்தில் ஆங்காங்கே ஆழமான கிணறுகள் போன்ற துளைகள் இருக்கின்றன. அவற்றின் அடியிலிருந்து பொறிகள் ஓடும் ஓசை கேட்கிறது. கீழே மோர்லாக் என்னும் இன்னோர் இனம் வாழ்கிறது. வெளுத்த உடல், ஒளியைக் கண்டு கூசும் கண்கள். இருட்டிலேயே உழைத்து உழைத்து அவர்கள் அப்படி ஆகிவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு உடையும் மற்றப் பொருள்களும் செய்து தருபவர்கள் அவர்களே. இரவானால் அவர்கள் மேலே வருகிறார்கள். ஈலாய் மக்களைப் பிடித்துச் சென்று உண்கிறார்கள்! இந்த இரு இனங்களும் எப்படித் தோன்றின என்று பயணி சிந்திக்கிறார். ஒரு காலத்தில் இவர்கள் ஒரே மனித குலம். செல்வர்கள் மேலே தங்கிச் சுகத்தை மட்டும் அனுபவித்தார்கள். தொழிலாளிகள் கீழே தள்ளப்பட்டு உழைப்பை மட்டும் சுமந்தார்கள். ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படியே கழிந்ததில் இரண்டு இனங்களாகவே பிரிந்துபோனார்கள் என்பது அவருடைய முடிவு.

பச்சைப் பீங்கான் மாளிகை ஒன்றையும் பயணி காண்கிறார். அது பழைய பொருட்காட்சிசாலை. அங்கே ஒரு மூலையில் கந்தல் கந்தலாக எதுவோ தொங்குகிறது. உற்றுப் பார்த்தால், அவை மக்கிப்போன புத்தகங்கள். படிப்பார் இல்லாமல் மனித குலத்தின் நூல்கள் எல்லாம் அப்படி முடிந்துவிட்டன. அங்கிருந்து திரும்பும் வழியில் காட்டில் தீப்பிடிக்கிறது. மோர்லாக்குகளின் தாக்குதலில் வீனாவும் மறைந்துபோகிறாள். பயணி தன் இயந்திரத்தை மீட்டு இன்னும் மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னே சென்று, சிவந்து மங்கிய சூரியனையும் உயிர் ஓய்ந்த கடற்கரையையும் கண்டு நடுங்கித் திரும்புகிறார். நண்பர்கள் பெரும்பாலும் அவரை நம்பவில்லை. வீனா அவருடைய சட்டைப் பையில் வைத்த இரண்டு வாடிய வெள்ளைப் பூக்கள்தான் சாட்சி. மறுநாள் அவர் படக்கருவியோடு மீண்டும் புறப்படுகிறார். மூன்று ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை என்பதோடு கதை நிற்கிறது.

இது நடக்கக் கூடியதா என்று நேயர்கள் கேட்கலாம். பின்னோக்கிப் போவதற்கு விஞ்ஞானத்தில் இதுவரை வழி காணப்படவில்லை. ஆனால் காலம் எல்லாருக்கும் ஒரே சீராக ஓடுவதில்லை என்பது உண்மை. ஐன்ஸ்டைன் 1905இல் இதைக் கணக்கால் நிறுவினார். 1908இல் மின்கோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் இடத்தையும் காலத்தையும் ஒன்றாகச் சேர்த்து நான்கு பரிமாணங்களாகக் காட்டினார். 1971இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வரச் செய்து, தரையில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு தெரிந்தது, ஒரு நொடியைக் கோடிக் கணக்கில் கூறு போட்டால் வருவது போன்ற சிறு வேறுபாடுதான், ஆனால் கணக்குச் சொன்னபடியே இருந்தது. கைத்தொலைபேசியில் வழி காட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்களையும் இந்தக் கணக்கின்படி திருத்தித்தான் ஓட்டுகிறார்கள். ஐன்ஸ்டைனுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே காலத்தை நான்காவது பரிமாணம் என்று ஒரு கதையில் எழுதிவைத்தவர் யார் என்று பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன்வரை துணிக்கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்த ஒரு பையன்.

இனி அந்தப் பையனின் வரலாற்றுக்கு வருவோம். வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், கெண்ட் மாவட்டத்துப் புரோம்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை முன்பு தோட்டக்காரர். பிறகு சிறிய பீங்கான் கடை வைத்தார். கடை ஓடவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வீசிக் கிடைத்த பணம் குடும்பத்தைத் தாங்கியது. தாய் ஒரு பெரிய மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்தவர். சிறுவனுக்கு ஏழு வயது இருக்கும்போது கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைக்குத் தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். அன்று பற்றிய வாசிப்பு ஆர்வம் கடைசி வரையில் அணையவில்லை. 1877இல் தந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆட்டத்தால் வந்த வருமானமும் நின்றது. 1880இல் தாய் தாம் முன்பு வேலை பார்த்த அப்பார்க் என்ற மாளிகைக்கே வேலையாட்களை மேற்பார்க்கும் பொறுப்பில் மீண்டும் சென்றார். பதின்மூன்று வயது மகனுக்குப் படிப்பு நின்றது. துணிக்கடை ஒன்றில் வேலை பழக அனுப்பப்பட்டான்.

இந்தத் தாயை நாம் குறை சொல்ல முடியுமா? அவருடைய மூத்த பிள்ளைகள் இருவரும் துணிக்கடை வேலைக்கே போனவர்கள். வெயில் மழையில் நனையாமல், தலைக்கு மேல் கூரையுடன், நல்ல உடை அணிந்து செய்யும் வேலை அது. தம் பிள்ளைக்கு நல்லதையே செய்வதாக அவர் நம்பினார். எத்தனையோ தோட்டத்துத் தாய்மார்களும் இப்படித்தான் நினைத்து, கிடைத்த வேலையில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறார்கள். அன்பில் குறை இல்லை. பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வறுமை அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

முதல் கடையில் பையன் நிலைக்கவில்லை. மருந்துக் கடையிலும் கொஞ்ச நாள் இருந்தான். மருந்துக் கடை வேலைக்கு லத்தீன் மொழி தெரிய வேண்டும் என்பதால், மிட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரின் பள்ளித் தலைமையாசிரியர் ஹோரஸ் பையாட் என்பவரிடம் பாடம் கேட்கப் போனான். பையன் பாடத்தைப் பற்றிக்கொண்ட வேகத்தை அந்த ஆசிரியர் கவனித்து வைத்துக்கொண்டார். ஆனால் 1881இல் தாய் மீண்டும் அவனை சவுத்சீ என்ற ஊரில் ஒரு பெரிய துணிக்கடையில் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வேலை. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 17 மைல் நடந்தே தாய் இருந்த மாளிகைக்குப் போய், இனி அந்தக் கடையில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டான். அப்போது அவன் வயது பதினாறு.

தாய்க்கு அது பேரிடி. ஒப்பந்தத்துக்குக் கட்டிய பணம் போய்விடும். பையன் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினான். அவர் அவனை மறக்கவில்லை. மாணவனாகவும் துணை ஆசிரியனாகவும் தம் பள்ளிக்கு வரச் சொன்னார். தாயும் கடைசியில் இணங்கினார். 1883இல் வெல்ஸ் மீண்டும் பள்ளிக்குள் நுழைந்தார். பகலில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாலையில் தாம் படித்தார். அரசாங்கத்தின் அறிவியல் தேர்வுகளை ஒன்றன் பின் ஒன்றாக எழுதித் தேறினார். அடுத்த ஆண்டே, 1884இல், லண்டனில் அறிவியல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அங்கே முதல் ஆண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர், டார்வினின் கொள்கைக்காக வாதாடிய புகழ்பெற்ற தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. உயிரினங்கள் சூழ்நிலைக்கேற்ப மாறும், மேலே ஏறுவதுபோல் கீழேயும் இறங்கும் என்ற பாடத்தை வெல்ஸ் அங்கேதான் கற்றார். ஈலாயும் மோர்லாக்கும் அந்த வகுப்பறையில் வித்திட்டவை. கால நான்காம் பரிமாணம் பற்றிய பேச்சு மாணவர்களுடைய விவாதக் கூட்டத்தில் காதில் விழுந்தது.

திறமையுள்ள மாணவன் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குவான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெல்ஸ் அப்படி இல்லை. ஹக்ஸ்லியின் பாடத்தில் மின்னியவர், பிறகு வந்த பாடங்களில் மனம் ஒட்டாமல், மாணவர் இதழ் நடத்துவதிலும் விவாதத்திலும் பொழுதைச் செலவிட்டார். 1887இல் நிலவியல் தேர்வில் தோற்றுப் பட்டம் இன்றிக் கல்லூரியை விட்டு வெளியேறினார். வேல்ஸ் நாட்டில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரானார். அங்கே காற்பந்து ஆட்டத்தில் உதைபட்டுச் சிறுநீரகம் பழுதுற்றது. நுரையீரலிலிருந்து இரத்தமும் வந்தது. பல மாதங்கள் நோயில் கிடந்தார். எல்லாக் கதவும் சாத்திக்கொண்ட அந்த நாட்களில்தான், 1888இல், தம் பழைய கல்லூரி மாணவர் இதழில் காலப் பயணத்தைப் பற்றிய முதல் கதையை எழுதினார். அப்போது வயது 21. அந்தக் கதையின் நாயகனும் ஒரு விஞ்ஞானி. தன் காலத்துக்கு முன்னதாகவே பிறந்துவிட்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன். ஊரார் அவனைப் புரிந்துகொள்ளாமல் மந்திரவாதி என்று பயந்து வீட்டைத் தாக்க வருகிறார்கள். அவன் தன் பொறியில் ஏறி மறைகிறான். புத்தி கூர்மையான பிள்ளை தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாமல் தனித்து நிற்கும் துன்பத்தை வெல்ஸ் அனுபவித்து எழுதியிருக்கிறார்.

தோல்வியோடு அவர் நிற்கவில்லை. பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டே வெளி மாணவராகப் படித்து, 1890இல் லண்டன் பல்கலைக் கழகத்தின் பட்டத்தை விலங்கியலில் முதல் வகுப்பில் பெற்றார். அஞ்சல் வழிக் கல்வி மாணவர்களுக்கு ஆசிரியரானார். 1893இல் மீண்டும் இரத்தம் கக்கியதால் வகுப்பறையை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ஏழு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதித் திருத்திய அந்த மாணவப் பருவக் கதைதான் 1895இல் 'கால இயந்திரம்' ஆயிற்று. கதை சோறு போடுமா என்று கேட்டோமே, அவருக்குப் போட்டது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். தாய் வேலை பார்த்த அப்பார்க் மாளிகையில் வேலையாட்களின் அறைகள் கீழ்த்தளத்தில் இருந்தன. சமையற்கட்டுக்கும் குதிரை லாயத்துக்கும் போக நிலத்தடியில் சுரங்க வழிகள் உண்டு. மேலே விருந்து நடக்கும்போது, அந்த உணவு இருட்டு வழியாகக் கீழே தூக்கிக்கொண்டு வரப்படும். சிறுவன் வெல்ஸ் அந்தக் கீழ்த்தளத்துப் பிள்ளை. அதே மாளிகையின் மேல்மாடியில் பழைய புத்தகங்கள் இருந்தன. அவற்றை எடுத்துப் படித்துத்தான் அவன் அறிவு வளர்ந்தது. எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் அவர் காட்டிய உலகத்தின் மேலும் கீழும், அவர் தாயாரின் வேலையிடத்திலேயே இருந்தவை.

இதில் நாம் கொள்ள வேண்டிய கருத்து என்ன? உழைப்பு வேறு, அறிவு வேறு என்று பிரித்தால் இரண்டு பக்கமும் கெடும். ஈலாய்க்கு உழைப்பு இல்லாததால் அறிவு மங்கியது. மோர்லாக்குக்கு ஒளி இல்லாததால் கண் மங்கியது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பின் அருமை தெரியும். அவனுக்கு வேண்டியது ஒளி. அதை நாம் கொடுக்க வேண்டும்.

ரப்பர்க் கன்றை நட்டவுடன் நாம் கத்தி வைப்பதில்லை. ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள் காத்திருக்கிறோம். மரத்தின் சுற்றளவு போதுமா என்று அளந்து பார்த்த பிறகே பட்டையைச் சீவுகிறோம். இளமரத்தில் அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் பாலும் கிடைக்காது, மரமும் கெடும் என்பது பால்மரம் வெட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். மரத்துக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுவோம். பதின்மூன்று, பதினான்கு வயதில் கிடைக்கும் சம்பளம் வீட்டுக்கு உதவியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக நிறுத்தப்படும் படிப்பு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே கொண்டு விடும் என்று ஒரு முறை முன்னே சென்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்குப் பொறி எதுவும் தேவையில்லை. இரவில் விளக்கை அணைக்குமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினால் போதும். பெண் பிள்ளையைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கடைப் பையன் ஒருவன் பாடத்தைப் பற்றிக்கொண்ட வேகத்தை அந்த மிட்ஹர்ஸ்ட் ஆசிரியர் கவனிக்காமல் விட்டிருந்தால், கடிதம் வந்தபோது யாரோ என்று ஒதுக்கியிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாளாவது அருகில் போய்க் கேட்போம். ஒரு தேர்வில் தோற்ற பிள்ளையை அதோடு தீர்ந்தது என்று கைகழுவ வேண்டாம். படிப்பை விட்டுவிட்ட பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டினால் திறந்து விடுவோம்.

வெல்ஸ் 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் லண்டனில் காலமானார். வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவருடைய கதையில் வரும் பச்சைப் பீங்கான் மாளிகையில் புத்தகங்கள் கந்தலாய்த் தொங்குவதை நினைத்துப் பாருங்கள். நம் பள்ளி நூலக அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கும் அந்த நிலை வர விடக் கூடாது. இந்த வாரம் பிள்ளையிடம் ஒரு கதைப் புத்தகம் எடுத்துவரச் சொல்லுங்கள். அதை உரக்கப் படிக்கச் சொல்லி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள்.